சென்றிக்கு இன்னொரு ஆள்

கேள்வி:

அம்மா, நாங்கள் வடமராட்சியில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, இவருக்கு 46. முன்னாள் போராளி. 2011 இல் புனர்வாழ்வு முடிந்து வந்தவர். இப்போது மேசன் வேலைக்குப் போகிறார், உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இரவில் கத்திக்கொண்டு எழும்புவார். ஒருநாள் தட்டி எழுப்பப் போன என் கழுத்தைப் பிடித்துவிட்டார். பிறகு விடியும்வரை அழுதுகொண்டிருந்தார். கதவுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். திருவிழா, கலியாணவீடு ஒன்றுக்கும் வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மாரி மழைக்குள் வந்து ஒதுங்கிய நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறார், பெயர் மணியன். என்னோடு கதைப்பதைவிட அதனோடுதான் கூடக் கதைக்கிறார். கனடாவில் இருக்கும் அத்தான், அமெரிக்காவில் சண்டைக்குப் போய் வந்தவர்களுக்கு நாய் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள் என்று ஒரு வீடியோ அனுப்பினார். கொழும்பில் நல்ல லாப்ரடோர் ஒன்று வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறார். மாமியோ நாயை விறாந்தையில் ஏறவே விடமாட்டார். உண்மையாகவே நாயால் இந்த வருத்தம் மாறுமா? லாப்ரடோர் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

லாப்ரடோரைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கழுத்தைப் பிடித்த இரவு.

இனிமேல் அவர் கனவில் கத்தும்போது பக்கத்தில் போய்த் தொடாதீர்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்று லைட்டைப் போடுங்கள். பிறகு குரல் கொடுங்கள். வீட்டில் அவரை ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிடுவீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். அந்தச் சொல் சண்டைக்களத்தில் அவர் கேட்டிராத சொல். அது வீட்டின் சொல். “நான்தான், நீங்கள் வீட்டில் இருக்கிறீங்கள்” என்று இரண்டு மூன்று தரம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் கண் திறந்து, உங்களைப் பார்த்து, பதில் சொன்ன பிறகு கிட்டப் போகலாம். அன்று அந்தக் கை உங்களைப் பிடிக்கவில்லை, கனவில் வந்த யாரையோ பிடித்தது. அதனால்தான் விடியும்வரை அழுதிருக்கிறார். இதை அவரிடமும் சொல்லுங்கள், தன்னைப் பற்றி அவருக்கே ஒரு பயம் வந்திருக்கும். ஆனால் விழித்திருக்கும்போது கை நீட்டுகிறார் என்றால் அது வேறு கதை. அதை மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. அவர் இன்னும் சென்றியில் நிற்கிறார். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அவரை அந்தக் காவலில் இருந்து யாரும் இறக்கிவிடவில்லை. கதவைப் பார்த்தபடி இருப்பதும், கூட்டத்துக்குள் வராததும், தூக்கத்திலும் உடம்பு தளராமல் கிடப்பதும் அதனால்தான். ஆபத்து போய்விட்டது என்று அவருடைய புத்திக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. வியட்நாம் யுத்தத்தில் இருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம் இதே குறிகளைக் கண்ட பிறகு, 1980 இல் அந்த நாட்டு மனநல மருத்துவர்கள் இதை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். நாங்கள் மனவடு என்கிறோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தம் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்கு வைத்தியம் செய்தார்கள், எழுதினார்கள். ஆகவே உங்கள் இவருக்கு வந்திருப்பது பேயும் இல்லை, குணக்கேடும் இல்லை. எந்த நாட்டுச் சண்டையில் நின்றவருக்கும் வரக்கூடியது.

இனி நாய்க்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் கதைத்துவந்த ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறோம். றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் ‘டப்’ என்று புகை கக்கியது. அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறின, தேத்தண்ணி கோப்பையைப் பிடித்த கை வெளிறியது. ஆனால் அவர் படலையைப் பார்க்கவில்லை. கீழே, காலடியில் படுத்திருந்த தன் நாயைப் பார்த்தார். அது ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது, பிறகு மடித்துக்கொண்டது, தலையைக் கூடத் தூக்கவில்லை. அவருடைய தோள் மெல்ல இறங்கியது. “அது படுத்திருக்கு, அப்ப ஒண்டுமில்லை” என்றார். எனக்குச் சொன்னதா, தனக்கே சொன்னதா தெரியாது.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அவரைவிட நன்றாகக் கேட்கும் காதும் மோப்பம் பிடிக்கும் மூக்கும் உள்ள ஒரு சீவன் காவலுக்கு இருக்கிறது. அது படுத்துக் கிடந்தால் அவரும் படுக்கலாம். நாய் செய்யும் பெரிய உதவி இதுதான், சென்றியை மாற்றிக்கொள்ள இன்னொரு ஆள் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதையே ஒரு முறையாகச் செய்கிறார்கள். சண்டைக்குப் போனவர்களுக்கு நாயைப் பழக்கிக் கொடுப்பது புதிதும் இல்லை. முதலாம் உலக யுத்தத்தில் கண் போன சிப்பாய்களுக்காக 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பேர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அன்று கண்ணுக்குப் பதிலாக நாய். இன்று மனவடு உள்ளவருக்குப் பழக்கப்படும் சேவை நாய், கடையில் வரிசையில் நிற்கும்போது அவருடைய முதுகுப் பக்கம் திரும்பி நிற்கும், பின்னால் யாரும் நெருங்கினால் அவருக்குத் தெரியும். ஆட்கள் இடித்துக்கொண்டு வந்தால் முன்னால் குறுக்கே நின்று கொஞ்சம் இடம் எடுத்துக் கொடுக்கும். கால் ஆடத் தொடங்கினால், மூச்சு வேகமானால், மூக்கால் முழங்காலை இடிக்கும். விடாமல் இடிக்கும், அவர் தன்னைப் பார்க்கும்வரை. கெட்ட கனவில் புரளும்போது நக்கி எழுப்பும், சில நாய்கள் லைட் சுவிட்சைக் கூடத் தட்டும். அங்கே 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படி வேலை பழகிய நாயைக் கடைக்குள்ளும் சாப்பாட்டுக் கடைக்குள்ளும் கொண்டுபோகலாம். வெறுமனே பக்கத்தில் இருந்து ஆறுதல் தரும் வளர்ப்பு நாய்க்கு அந்த உரிமை இல்லை. நம்மூரில் அப்படியான ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. நாயோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.

‘குணப்படுத்துகிறார்கள்’ என்று அத்தான் சொன்னதில்தான் எனக்குத் தயக்கம். வீடியோவில் நாய் வந்து மடியில் தலை வைக்கும், ஆள் அழுவார், முடிந்துவிடும். ஆராய்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு லேசாகச் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் திணைக்களம் 181 பேருக்கு நாய் கொடுத்து, ஒன்றரை வருடம் பார்த்து, 2020 இல் அறிக்கை தந்தது. ஒரு பகுதியினருக்கு வேலை பழகிய சேவை நாய், மற்றவர்களுக்கு நல்ல குணமுள்ள வளர்ப்பு நாய். அன்றாட வாழ்க்கை எவ்வளவு இலேசானது என்று பார்த்தால் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சேவை நாய் கிடைத்தவர்களுக்கு நோயின் குறிகள் சற்று அதிகமாகக் குறைந்தன, சாக வேண்டும் என்ற நினைப்பும் குறைவாக இருந்தது. 2024 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 156 பேரைப் பற்றியது. நாய் கிடைத்து மூன்று மாதம் ஆனவர்கள், நாய்க்காகக் காத்திருந்தவர்களைவிடப் பெரும்பாலான வகைகளில் நன்றாக இருந்தார்கள். கவனியுங்கள், இரண்டு பக்கத்தாரும் வழமையான சிகிச்சையையும் தொடர்ந்தார்கள். நாய் வந்த பிறகும் பலருக்கு நோய் முற்றாகப் போய்விடவில்லை, தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்து வருடம் நித்திரை இல்லாதவருக்கு நான்கு மணித்தியால நித்திரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் ஆய்வில் இன்னொரு சேதியும் இருக்கிறது. நல்ல குணமுள்ள சாதாரண வளர்ப்பு நாயும் உதவியிருக்கிறது. அப்படி ஒன்று உங்கள் வளவில் ஏற்கெனவே நிற்கிறது.

அதனால் லாப்ரடோர் வேண்டாம். அது கெட்ட நாய் என்பதால் இல்லை. அமெரிக்காவில் கொடுக்கும் நாய் ஒன்றரை, இரண்டு வருடம் பழக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் சோதிக்கப்பட்டு வருகிறது, பாதி வழியில் கழிக்கப்படும் நாய்கள் ஏராளம். கொழும்பில் நீங்கள் வாங்கப்போவது பழகாத ஒரு குட்டி. அந்த இனத்துக்கு நம் வெயில் கடினம், தீனிச் செலவும் கூட. எல்லாவற்றையும்விட, அந்த நாயை நீங்கள் காசு கொடுத்துத் தெரிந்தெடுக்க வேண்டும். மணியன் அவரிடம் தானாக வந்தவன். மூன்று வருடமாக அவருடைய மூச்சை, நடையை, கோபத்தைப் படித்து வைத்திருக்கிறான். அந்தப் படிப்பை விலைக்கு வாங்க முடியாது.

மணியனைப் பழக்க வேண்டியவர் உங்கள் இவர்தான், நீங்கள் இல்லை. 2021 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மனவடு உள்ள முன்னாள் படையினரே சேவை நாய்களைப் பழக்குவதை ஒரு சிகிச்சையாக ஐந்து மருத்துவ நிலையங்களில் செய்து பார்க்கச் சொன்னது. பழக்கும் வேலையே வைத்தியம் என்ற எண்ணம். யோசித்துப் பாருங்கள், நாய் கட்டளைக்குப் பணிய வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்த வேண்டும். செய்யாவிட்டால் பொறுக்க வேண்டும். செய்துவிட்டால் உடனே சந்தோசத்தைக் குரலில் காட்ட வேண்டும். மரத்துப்போன மனிதருக்கு இந்த மூன்றும் எவ்வளவு கடினம்! அதையே ஒரு நாளைக்குப் பத்துத் தரம், ஒரு துண்டு மீனோடு செய்து பழகுகிறார்.

எப்படித் தொடங்குவது? அவித்த மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சின்னத் துண்டுகளாக்கி வையுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. அவர் ஒரு துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு, கையை மணியனின் முகத்துக்கு முன்னால் நீட்டட்டும். அவன் மூக்கை வைத்து முகருவான். மூக்குப் பட்ட அந்த நொடியிலேயே “தொடு” என்று சொல்லிக் கையைத் திறக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும். நாலைந்து நாளில் கையை நீட்டினாலே மூக்கு வந்து முட்டும். அதன்பிறகு அவர் கதிரையில் இருந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு “தொடு” என்று சொல்லட்டும். பிறகு கையை எடுத்துவிட்டு முழங்காலை மட்டும் காட்டட்டும். அது பழகியதும் அவர் வேண்டுமென்றே காலை ஆட்ட வேண்டும், பதற்றம் வரும்போது ஆடுமே அதேபோல. ஆட்டிக்கொண்டே “தொடு”. மூக்குப் பட்டால் மீன். கொஞ்ச நாளில் சொல்லே தேவைப்படாது, கால் ஆடினால் மணியன் எழும்பி வருவான். ஒருநாள் அவருக்குத் தெரியாமலே கால் ஆடும்போதும் வருவான். அந்த நேரம் அவர் செய்ய வேண்டியது, கையை அவனுடைய முதுகில் வைத்து, மயிருக்குள் விரலை விட்டு, அவனுடைய மூச்சை எண்ணுவது மட்டும்தான். சண்டை நடந்த வன்னியில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும்.

அடித்துப் பழக்கக் கூடாது. ஒரு அடி போதும், அடுத்த தரம் கால் ஆடும்போது அவன் எழும்பித் தூரப் போவான்.

கனவில் இருந்து எழுப்பும் வேலையை மணியனுக்குப் பழக்காதீர்கள். உங்கள் கழுத்தைப் பிடித்த கை அவனையும் பிடிக்கும், அவன் பயத்தில் கடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அவன் அறைக்கு வெளியே, கதவடியில் படுக்கட்டும். கண் விழித்ததும் முதலில் அவனைப் பார்க்க முடிந்தால் நல்லது. எதற்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள். பல்லுப் பட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அத்தான் அனுப்பும் காசில் இந்த ஊசியும், மிருக வைத்தியரிடம் ஒருதரம் முழுதாகக் காட்டுவதும், ஒரு நல்ல கழுத்துப்பட்டியும் போக மிச்சம் இருக்கும். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

வெடிச் சத்தத்துக்கு மணியன் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவில் சத்தத்துக்கு நடுங்கும் நாயைச் சேவைக்கு எடுக்கமாட்டார்கள். நம் நாய்களில் பல தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில்தான். மணியனும் அப்படியென்றால் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிப்போகும் எண்ணத்தை விடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து நடுங்குவார்கள். ஆனால் வெடி கேட்கும் இரவில் வீட்டுக்குள், வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, அவனைத் தேற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். “ஒண்டுமில்லையடா, சீனவெடிதான்” என்று நாய்க்குச் சொல்லும்போது அதை அவருடைய காதும் கேட்கிறது. வெளியே போக வேறு வழி இருக்கிறது. விடியற்காலையில் ஒழுங்கை முனைவரை நடக்கட்டும், ஆள் குறைந்த நேரம். நாயோடு நடப்பவரிடம் யாரும் “எப்ப வந்தனீங்கள், எங்க இருந்தனீங்கள்” என்று கேட்பதில்லை. “நாய்க்கு என்ன பேர்?” என்றுதான் கேட்பார்கள். அது அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் வளர்ந்த வீட்டில் நாய்க்கு இடம் முற்றம். சமையலறையும் சாமியறையும் மணியனுக்கு இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விறாந்தையில், மகனுடைய அறைக் கதவடியில் ஒரு சாக்கு, அவ்வளவுதான் கேளுங்கள். கூடவே இதையும் சொல்லிப் பாருங்கள். சிவன் கோயிலில் இரவு நடை சாத்தியதும் திறப்பை வைரவர் சந்நிதியில் வைப்பார்கள். காவலுக்கு வைரவர், அவருக்குப் பக்கத்தில் நாய். கோயிலுக்கே அந்தக் காவல் பொருத்தம் என்றால் மகனுடைய அறை வாசலுக்குப் பொருந்தாமல் போகுமா? மகன் ஒரு வாரம் நிம்மதியாக நித்திரை கொண்டால், சாக்கை உதறிப் போடுவது மாமியாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் சிகிச்சையோடு சேர்த்துத்தான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. கனவையும் திடுக்கிடுதலையும் குறைக்க மருந்து உண்டு. அது பிடிக்கச் சில வாரங்கள் எடுக்கும், ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தக் கூடாது. நடந்ததை மெல்ல மெல்லப் பேசி, அதன் கூர்மையை மழுக்கும் சிகிச்சையும் உண்டு. அதுதான் வேரைத் தொடுவது, நாயால் அது முடியாது. பெயர், விபரம் எழுதுவார்களே என்று அவர் தயங்குவார். அவர் கடந்து வந்ததைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ளாமல், முதலில் நீங்கள் மட்டும் போய் டாக்டரோடு கதையுங்கள், என்ன எழுதுவார்கள், யார் பார்ப்பார்கள் என்று நேரே கேளுங்கள். அவர் எப்போதாவது இருந்து பிரயோசனமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் நாளை பார்ப்போம் என்று விடாதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள், அல்லது 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய உளநல உதவித் தொலைபேசி.

என்னோடு கதைப்பதைவிட நாயோடுதான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் உங்கள் மனம் நொந்திருப்பது எனக்குத் தெரிகிறது. தங்கச்சி, நாய் திருப்பிக் கேள்வி கேட்காது, அவர் சொன்னதைக் கேட்டு அதன் முகம் மாறாது. உங்கள் முகம் மாறும், அதைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. கதைக்கவே மறந்துபோன ஒருவர் முதலில் நாயிடம் கதைத்துப் பழகுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மணியனோடு கதைக்கும்போது எழும்பிப் போகாமல், அதே விறாந்தையில் கீரையை ஆய்ந்துகொண்டு இருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம்.

ஒன்று மட்டும் என் சொந்த மனத்தில் இருந்து. 1995 ஐப்பசி 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். எங்கள் வீட்டில் ஒரு பெட்டை நாய் நின்றது. கொண்டுபோக வழியில்லை. அப்பா பின்வளவுக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஒரு சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டு வந்தார். அது நாவற்குழிப் பக்கம் போகிற சனத்துக்குள் கொஞ்சத் தூரம் எங்கள் பின்னாலேயே வந்தது, பிறகு காணவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அந்தச் சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அப்பா அதற்குப் பிறகு நாய் வளர்க்கவில்லை. உங்கள் இவரும் எத்தனையோ பேரை விட்டுவிட்டு வந்தவர். மணியனுக்கு இப்போது மூன்று வயது, நாய்க்கு ஆயுள் பத்து, பன்னிரண்டு வருடம். அவன் போகும் நாள் இவருக்குப் பழைய சாவுகள் எல்லாம் சேர்ந்து வரும் நாள். அதற்குள் அவருக்கு மணியனைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும், நீங்கள், ஒரு டாக்டர், வேலைத்தளத்தில் ஒரு கூட்டாளி. அதற்குத்தான் கிளினிக்கை இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

இந்தக் கிழமை இரண்டு வேலை. கட்டில் கால்மாட்டில் நின்றால் கை எட்டுகிற மாதிரி ஒரு லைட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு டோர்ச்சை அந்த இடத்தில் தொங்கவிடுங்கள். மற்றது, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போது மணியனுக்கும் ஒரு துண்டு கூட வாங்குங்கள். “தொடு” என்று எத்தனையாவது நாளில் அவன் வந்து முட்டினான் என்று அவரையே ஒரு வரி எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.